மாமியார் மெல்லும் பக்கம்

எங்கள் தெருவில் பல்செட் செய்கிறவருக்கு ஒரு கொள்கை உண்டு: எந்தக் கையால் எழுதுகிறோமோ, அந்தப் பக்கத்துப் பல்லால்தான் மெல்லுவோம். அளவெடுக்க வருகிறவர்களிடம் வாயைத் திறக்கச் சொல்லும் முன் பேனாவை நீட்டுவார். வலது கை வாங்கினால் வலப்பக்கக் கடைவாய்ப் பல்லை ஒரு நூல் உயர்த்திவிடுவார். இருபது வருடமாக ஒரு குறையும் கேட்டதில்லை. குறை சொல்ல வந்தவர்கள் பல்செட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பேசியதால், அவர்கள் சொன்னது அவருக்குப் புரியவில்லை.

வினை மாமியார் உருவத்தில் வந்தது. "பல்லு கட்டி முடிஞ்சதும் கிளம்பிடுறேன் மாப்பிள்ளை" என்று ஒற்றைப் பையோடு வந்து இறங்கினார்.

மாமியார் இடதுகைக்காரர். காய் நறுக்குவது, கதவைச் சாத்துவது, மருமகனை நோக்கி விரல் நீட்டுவது எல்லாம் இடதுதான். மருமகன் இடப்பக்கத்தை உயர்த்தி, நான்கே நாளில் பல்செட்டைக் கையில் கொடுத்தார். அவ்வளவு வேகமாக அவர் யாருக்கும் வேலை செய்ததில்லை.

"ஆடுது மாப்பிள்ளை. மெல்ல வரல."

தேய்த்தார். ஆடியது. மறுபடி தேய்த்தார். இடப்பக்க உயரத்தில் மட்டும் கை வைக்கவில்லை, கொள்கை! இதற்குள் ஒற்றைப் பை மூன்று பையாகி, டிவி ரிமோட்டும் மாமியார் வசம் போய்விட்டது.

"ஏங்க, ஊருக்கெல்லாம் பல்லு கட்டுறீங்க. எங்கம்மாவுக்கு மட்டும் வேணும்னே இழுத்தடிக்கிறீங்களா?" என்றாள் மனைவி.

"நானா? நான் இழுத்தடிப்பேனா?" அந்தக் குரலில் இருந்த வேதனை பொய்யில்லை.

கடைசியில், தொழிலுக்கு வந்து முதல் முறையாக, ஒருவர் சாப்பிடுவதை எதிரே உட்கார்ந்து பார்த்தார். வறுத்த கடலையை மாமியார் வாயில் வலப்பக்கம் ஒதுக்கி மென்றார்.

"அத்தை, நீங்க இடதுகைதானே? ஏன் அந்தப் பக்கம் மெல்லுறீங்க?"

"இடது பக்கம் மென்னா இடது காதுல கடமுடன்னு ஒரே சத்தம். நீங்க ரெண்டு பேரும் எனக்கு இடது பக்கம்தானே உக்காருவீங்க? என்னப் பத்திப் பேசுறது எப்படிக் கேக்கும்?"

அன்று மாலையே இரண்டு பக்கத்தையும் சமமாக்கினார். கடலை நொறுங்கியது.

"இப்பதான் பல்லு மாதிரி இருக்கு. காலைல கிளம்புறேன் மாப்பிள்ளை."

எத்தனை நாளாகத் தவமிருந்த சொல்! ஆனால் மருமகன் காதில் அது விழவே இல்லை. பழைய கொள்கை செத்த இடத்தில் புதிதாக ஒன்று முளைவிட்டிருந்தது.

"அத்தை, ஒரு வாரம் இருந்துட்டுப் போங்களேன். நாங்க வலது பக்கம் மாறி உக்காந்தா என்ன ஆகுதுன்னு பாக்கணும்."

துணி அடுக்க எடுத்த பையை மாமியார் கீழே வைத்தார். மனைவி கணவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.