மரக்காணம் உப்பளத்தில் மாலிப்டினம் தேடினோம்

மரக்காணம் போகிறவர்கள் உப்புக் குவியலோடு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எழுபதுகளின் நடுவில் நான் போனது அந்த உப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க. எஃகை உறுதியாக்கச் சேர்க்கும் மாலிப்டினம் என்ற உலோகத்தைத் தேடும் குழுவில் நான் தற்காலிகப் புவியியலாளன். ஏதாவது கிடைத்தால் வேலை நிரந்தரமாகும் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார்.

திண்டிவனத்தில் காலை ஆறரைக்குப் பஸ். முப்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஒன்றேகால் ரூபாய், எட்டு மணிக்கு மரக்காணம். வெயில் ஏற ஏறப் பாத்திகள் கண்ணைக் கூசவைக்கும். ஆனாலும் அவ்வளவு அழகு! மேலே களியும் மணலும். அதற்குக் கீழே இருநூறு கோடி ஆண்டுக்கும் மூத்த கருங்கல். கிளியனூர்ப் பக்கம் கிணறு வெட்டி எடுத்த கல்லில் வெள்ளியாக மின்னும் மாலிப்டினச் செதில்களை எங்களுக்கு முன் வந்த குழு பார்த்திருந்தது. அது கடல்வரை நீள்கிறதா என்று அறிய உப்பள ஓரத்தில் துளை போட்டோம்.

மரையால் ஒன்றோடொன்று முடுக்கிய இரும்பு ராடுகளைச் சுழற்றி இறக்கித் துளை போடும் மிஷினை ஓட்டியவர் முனுசாமி. உள்ளூர்க்காரர், தினக்கூலி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு வாரம் கழித்து, துளையிலிருந்து எடுத்து அனுப்பிய கல்தூளில் மாலிப்டினம் ஏராளம் என்று ஆய்வகத்திலிருந்து தாள் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்துப் பாத்திகளுக்கு நடுவிலேயே பத்துத் துளை, இந்த வருடம் இங்கே உப்பு எடுக்க முடியாது என்று அவரிடம் பெருமையடித்தேன். அந்தப் பொருள் எப்படியிருக்கும் என்று கேட்டார். கல்லில் வெள்ளியாக மின்னும், பொடியானால் சாம்பல் கறுப்பு, வழவழவென்று விரலில் ஒட்டும் என்றேன். எழுந்து போய் கிரீஸ் டப்பாவைக் கொண்டுவந்தார்.

"உப்புக் காத்துல ராடெல்லாம் துருப் புடிக்குது சார், மரை கழட்ட வரல. அதான் இந்தக் கருப்பு கிரீஸை ராடு முழுக்கப் பூசிட்டேன். இதுவான்னு பாருங்க."

டப்பாவில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைப் படித்தேன். மாலிப்டினம் கலந்த கிரீஸ். நாங்கள் தேடியது எங்கள் டப்பாவிலிருந்தே துளைக்குள் இறங்கியிருந்தது. இதை வெளியே சொன்னால் உங்கள் கூலியும் போய்விடுமே என்றேன்.

"தெரியும் சார். அதுக்காக இல்லாத ஒண்ணுக்கு இத்தினி பேரு உப்பைக் கெடுக்க முடியுமா?"

கிரீஸ் இல்லாமல் பக்கத்தில் மறுபடி துளைத்தோம். ராடைக் கழற்றப் பட்ட பாடு கொஞ்சமல்ல. வந்தது வெறும் கருங்கல். குழு கலைந்தது, முனுசாமி உப்பு மூட்டை ஏற்றப் போனார்.

இப்போது போவதென்றால் ஏப்ரலில், காலை ஒன்பதுக்குள் போங்கள். சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் உண்டு. குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் வரப்பில் ஏறாதீர்கள். ஈர வரப்பு இடிந்தால் ஒருவருடைய உழைப்பு வீண்.

படித்தவர்கள் எத்தனையோ பேரோடு வேலை பார்த்திருக்கிறேன், முனுசாமி மாதிரி ஒருவரைப் பார்க்கவில்லை. அவர் யோசிக்காமல் சொன்னதை மேலதிகாரிக்கு எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளும் எழுதாமலே விட்டுவிடலாமா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை நான் அவரிடம் சொன்னதேயில்லை.