மகள் கேட்ட அர்ச்சனை

என் மகள் சிறுநீரக வருத்தத்தோடு களுபோவில ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், வெள்ளிதோறும் ஜிந்துப்பிட்டி முருகனிடம் போய், "என்ர பிள்ளை என்ன பிழை விட்டவள்? நீ நியாயம் பார்க்கிறவன்தானே?" என்று மனதுக்குள் சண்டை பிடிப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் புறப்படும்போது மகள் சொன்னாள்: "அப்பா, இண்டைக்குப் பக்கத்துக் கட்டில் நதீஷாவின்ர பேரில அர்ச்சனை செய்யுங்கோ."

"சிங்களப் பிள்ளையின்ர நட்சத்திரம் எனக்கென்னெண்டு தெரியும்?"

"என்ர ரோகிணியைச் சொல்லுங்கோ. முருகன் என்ன, அடையாள அட்டையா கேக்கப்போறார்?"

ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். எப்போதும் வாய்க்குள் முணுமுணுக்கிற நான், சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, "நதீஷா, ரோகிணி நட்சத்திரம்" என்றேன்.

மகளின் வருத்தம் இன்னும் மாறவில்லை. என் கேள்விக்கும் பதில் வரவில்லை. ஆனால் இப்படியொரு பிள்ளையை எனக்குத் தந்தவன் அநியாயம் செய்வான் என்று என்னால் நினைக்க முடியவில்லை.