ஹாஜிரா மடித்த பெட்டிகள்

நேரு வீதிக்குத் துணி எடுக்க வருகிறவர்களில் பாதிப்பேருக்கு ஹாஜிராவின் குரல் தெரியும், முகம் தெரியாது. அங்கே ஒரு மூன்று மாடித் துணிக்கடையில் அவள்தான் மைக்கில் பேசுகிறவள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, பட்டுப் பிரிவு எந்த மாடி, பில் போடுவது எங்கே, பிள்ளையைத் தவறவிட்டவர்கள் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். தீபாவளி நெரிசலிலும் அந்தக் குரல் பதறாது. ஒருமுறை ஷேர் ஆட்டோவில் ஏறி மூலக்குளம் என்று அவள் சொன்னதுமே முன்னால் இருந்த அம்மாள் திரும்பி, “நைட்டி எல்லாம் ரெண்டாவது மாடிதானே?” என்று கேட்டாள். அன்று முழுவதும் ஹாஜிரா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கணவர் அன்வருதீன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நாளெல்லாம் லென்ஸைத் தேய்த்து, ஃப்ரேமில் பொருத்தி, கண்ணருகே தூக்கிப் பார்க்கும் வேலை. பேச்சு அவருக்குச் செலவு மாதிரி. மூலக்குளத்து மாடி வீட்டில் பேச்செல்லாம் அவளுடையது, ‘ம்’ மட்டும் அவருடையது. இருவருக்கும் அது சௌகரியமாகவே இருந்தது.

நாற்பது வயதில் அவளுக்குக் கழுத்தில் கட்டி வந்தது. கெட்ட கட்டி இல்லை என்று சொல்லி அறுவை செய்து எடுத்தார்கள். காயம் ஆறியது, குரல் வரவில்லை. வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. குரலுக்குப் போகிற நரம்பு அசந்துபோயிருக்கிறது, அறுந்துபோகவில்லை, திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம், அதுவரைக்கும் வலிந்து பேசக்கூடாது என்றார் மருத்துவர். இப்படி ஆகக்கூடும் என்று முன்பே சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருந்தார். யாரைக் கோபித்துக்கொள்வது?

பார்க்க வந்த உறவுக்காரர்கள், அவளுக்குக் காது கேட்காமல் போய்விட்டது போல உரக்கப் பேசினார்கள். யாரோ ஒரு சிலேட்டு வாங்கிவந்து கொடுத்தார்கள். அதை அவள் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். செல்போனில் தட்டிக் காட்டிப் பார்த்தாள். அவள் தட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறு ஊருக்குப் போயிருக்கும். கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிட்டாள். பகலில் அன்வருதீன் கடைக்குப் போனபின் வீடு தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் இருந்தது. ஜன்னலில் வில்லியனூர் பஸ்கள் ஓசையில்லாமல் மீன்கள்போல் போய்வந்தன.

அப்படி ஒரு பகலில்தான் அவள் மாத்திரைப் பெட்டியைப் பிரித்தாள். அறுவைக்குப் பின் எழுதிக்கொடுத்த சுண்ணாம்புச்சத்து மாத்திரை. அட்டை தீர்ந்ததும் பெட்டியைக் குப்பையில் போடப் போனவள், என்னவோ தோன்றி, ஒட்டியிருந்த ஓரத்தை நகத்தால் கீறித் திறந்தாள். பெட்டி மெல்லப் படுத்துக்கொண்டது. நான்கு சுவர்கள், இரண்டு பக்கமும் காதுகள், நுனியில் செருகுகிற நாக்கு, எல்லாம் சேர்ந்து ஒரே தாள். இத்தனை நாள் கையில் வைத்திருந்தது ஒரு தாள்தானா என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. மறுபடி மடித்தாள். பெட்டி எழுந்து நின்றது. பிரித்தாள், படுத்தது. வெயில் சுவரிலிருந்து தரைக்கு இறங்கும்வரை அதையே செய்துகொண்டிருந்தாள்.

மறுநாள் கெட்டியான பழுப்புத் தாள் வாங்கினாள். மை தீர்ந்த பேனாவால் ஸ்கேலை ஒட்டிக் கோடு இழுத்தால், தாள் அந்தக் கோட்டில் சொன்னபடி மடியும் என்று தானாகவே கண்டுகொண்டாள். சதுரப் பெட்டி வந்தது, பிறகு தலையணை மாதிரி உப்பிய பெட்டி, பிறகு பூ மாதிரி மூடிக்கொள்ளும் பெட்டி. தூக்கத்திலும் தாள்கள் வந்தன. ஒரு கனவில் கடற்கரைச் சாலை முழுவதும் ஒரே வெள்ளைத் தாளாக விரிந்துகிடந்தது. அவள் ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்க, கலங்கரை விளக்கமும் கட்டடங்களும் மடிப்பு மடிப்பாக எழுந்து நின்றன, அலைகூட மடிப்பாகவே வந்து கரையில் செருகிக்கொண்டது. காலையில் எழுந்து அதை ஒரு வாழ்த்து அட்டைக்குள் செய்துபார்த்தாள். அட்டையைத் திறந்தால் கடற்கரை எழும். மேலே ஒரு பிறை தொங்கும்.

நோன்புப் பெருநாளுக்கு அந்தக் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் ஒரு பெட்டி பேரீச்சம்பழமும் ஒரு பிறை அட்டையும் போயின. அவள் கதவைத் தட்டி, கொடுத்து, சிரித்துவிட்டு வந்தாள். வாயால் வாழ்த்துச் சொல்ல முடியாத குறையை அன்று அவள் நினைக்கவில்லை.

இதற்கிடையில் வீட்டுக்குள் வேறொன்று நடந்தது. அன்வருதீன் பேச ஆரம்பித்தார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அந்த அமைதி அவருக்குத் தாங்கவில்லை. முதலில் வெயிலைப் பற்றிச் சொன்னார், பிறகு கரண்ட் போனது பற்றி. அதுவும் தீர்ந்ததும் கடைக்கு வருகிறவர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். முதலில் திக்கித் திணறினார். போகப்போக, வழியிலேயே கதையை மனத்துக்குள் ஒழுங்குபண்ணிக்கொண்டு வந்தார். இந்த மனிதருக்குள் இவ்வளவு பேச்சு இருந்ததா என்று அவள் கையில் கவளத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் அவர் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். வயது நாற்பதுக்கு மேல். முதல்முறையாகக் கண்ணாடி போடுகிறவள். போட்டுக்கொண்டு கடை வாசலுக்குப் போனவள் உள்ளே வரவேயில்லை. எதிரே இருக்கும் பூவரச மரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டாள். இவர் போய் என்னவென்று கேட்டதற்கு, இலை தனித்தனியாகவா இருக்கிறது என்று கேட்டாளாம்.

இந்த இடத்தில் அவர் தண்ணீர் குடிக்க நிறுத்தினார்.

“அப்புறம்?” என்றாள் ஹாஜிரா.

அது குரல்தான். பழைய குரல் இல்லை. கரகரவென்று, ஆழத்திலிருந்து, காய்ந்த தாளைக் கசக்கினாற்போல் வந்த குரல். அவர் டம்ளரைக் கீழே வைக்க மறந்து அவளைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த குரல் பயிற்சியை அவள் தாள் வெட்டும் கத்தரிக்கோல் சத்தத்தோடு தினமும் செய்துவந்தது அவருக்குத் தெரியும். ஆனாலும் இப்படி ஒரு கேள்வியாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

“சொல்லுங்க. அப்புறம் என்னாச்சு?”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியைச் சொல்லி முடித்தார். பாதியில் விட்டால் அவளுக்குப் பிடிக்காது.

கீழ்வீட்டு ஆஷ்லின் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறவள். கிறிஸ்துமஸை அவர்கள் வீட்டில் நோயல் என்றுதான் சொல்வார்கள். நோயலுக்கு அவள் ரவையும் நெய்யும் ரம்மில் ஊறிய திராட்சையும் போட்டு விவிக்கம் கேக் செய்வாள், ஹாஜிராவுக்கு மட்டும் ரம் இல்லாமல் தனியாக ஒன்று. பெருநாள் பெட்டியை அவள் இன்னும் எடுத்துவைத்திருந்தாள். கேக்குக்கும் இதுபோல் வேண்டும், கூடவே ஒரு வாழ்த்து அட்டையும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு மாடி ஏறி வந்தாள். ஹாஜிரா தயங்கினாள். உங்கள் பண்டிகைக்கு எதை வெட்டுவது, எதை ஒட்டுவது என்று எனக்குத் தெரியாதே என்றாள்.

“உங்க கண்ணுக்கு எங்க நோயல் எப்படித் தெரியுதோ, அதையே பண்ணுங்க அக்கா,” என்றாள் ஆஷ்லின்.

ஹாஜிரா யோசித்துப் பார்த்தாள். மார்கழி மழையில் கடையிலிருந்து திரும்பும்போது பஸ் ஜன்னலில் தெரிவதுதான் அவளுக்கு நோயல். ஈரக் கண்ணாடிக்கு அப்பால் வீட்டுக்கு வீடு தொங்கும் காகித நட்சத்திரங்கள், சிவப்பும் மஞ்சளுமாகக் கரைந்து ஒழுகும் வெளிச்சம். அதையே அட்டையில் செய்தாள். பெட்டிக்குக் கூரை மாதிரி ஒரு மூடி வைத்தாள். உள்ளே இருக்கும் கேக் தெரிய ஒரு ஜன்னல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அன்வருதீன் கடைக்குப் போனார். மாலையில் ஒரு பை நிறையப் பிளாஸ்டிக் வட்டங்களோடு வந்தார். புது ஃப்ரேமில் கம்பெனிக்காரர்கள் மாட்டி அனுப்பும் வெறும் லென்ஸ். பவர் லென்ஸ் போடும்போது கழற்றித் தூரப் போடுவது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்று ஜன்னலானது.

அட்டை தீர்ந்து, வாங்குவதற்காக ஒரு நாள் நேரு வீதிக்குப் போனாள். அந்தத் துணிக்கடைப் பக்கம் அவள் அதுவரை போகவில்லை. வேலை காத்திருக்கிறது, குரல் வந்ததும் வா என்று சொல்லியிருந்தார்கள். வந்திருக்கும் குரலோடு போக அவளுக்குக் கூச்சமாக இருந்தது. எதிர்ச் சாரியில் ஒதுங்கி நடந்தவள் சட்டென்று நின்றாள்.

“அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம். தங்கள் உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

அது அவள் குரல். எப்போதோ பதிந்து வைத்திருந்ததைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பதறாமல், பிசிறில்லாமல், வண்டிச் சத்தத்துக்கு மேலே மிதந்து வந்தது. கூட்டம் அவளை இடித்துக்கொண்டு போனது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். துக்கம் பொங்கிவரும் என்று நினைத்தாள், வரவில்லை. தன்னைவிட்டுப் பிரிந்துபோய் வேறு வீட்டில் நல்லபடியாக வாழும் தங்கையை ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல் இருந்தது. அந்தக் குரலைப் பின்தொடர்ந்து தெருவைக் கடந்து படியேறினாள்.

மேனேஜர் ராஜாங்கம் அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். மனிதருக்கு முகம் வெளிறிப்போயிற்று. கேட்காமல் போட்டது தப்புதான், வேண்டாம் என்றால் இப்போதே நிறுத்திவிடுகிறேன் என்றார்.

“ஓடட்டும் சார்,” என்றாள் ஹாஜிரா.

பேசியது யார் என்று அவர் ஒரு கணம் அவளுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டு, இந்தக் குரலுக்கு என்ன, தாராளமாக வந்து பேசுங்கள் என்றார். மனதாரத்தான் சொன்னார். அவளும் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

“அவ நல்லாப் பேசறா. அவளே பேசட்டும். எனக்கு வேற ஒண்ணு வேணும். சட்டைக்கு உள்ள வச்சு வருமே வெள்ளை அட்டை, அதைத் தூக்கிப் போட்டுடுவீங்கல்ல? எனக்குத் தர்றீங்களா?”

ஒரு கட்டு அட்டையைச் சணல் போட்டுக் கட்டி, கடைப் பையனிடம் விடாமல் ராஜாங்கமே பஸ் நிறுத்தம்வரை தூக்கிவந்து கொடுத்தார்.

ஆஷ்லினுடைய சித்தி ஆனந்தமேரி காலாப்பட்டு மீனவர் குப்பத்தில் இருக்கிறவள். அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு நோயலுக்கு அச்சுமுறுக்கு சுட்டு விற்பாள். ஆஷ்லின் வீட்டில் பெட்டியைப் பார்த்துவிட்டு அவளும் கேட்டு அனுப்பினாள். ஹாஜிரா பெட்டிகளை ஒட்டாமல் தட்டையாக அடுக்கிக் கட்டிக்கொண்டாள். அன்று கடையைச் சாத்திவிட்டு அன்வருதீனும் கூட வந்தார். ஈ.சி.ஆரில் பஸ் போகும்போது சவுக்குத் தோப்புக்கு இடையே கடல் தெரிந்து தெரிந்து மறைந்தது. மடியில் கட்டு கனமே இல்லாமல் இருந்தது. அவர் தோளில் சாய்ந்து கண்ணை மூடினாள், தூங்கவில்லை. அவள் காதருகே அவர் யாரோ ஒரு வாத்தியாரின் கண்ணாடி உடைந்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆனந்தமேரி வீட்டு முற்றத்தில் எண்ணெய்ச் சட்டி கொதித்தது. பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பின்னால் அலைச் சத்தம் வேறு. ஹாஜிரா பாயில் உட்கார்ந்து ஒரு தாளை எடுத்து, இப்படி மடிக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தாள். யாருக்கும் கேட்கவில்லை. அவள் குரலை உயர்த்தவில்லை, உயர்த்தவும் முடியாது. இன்னொரு முறை அதே அளவில் சொன்னாள். பக்கத்தில் இருந்தவள் குனிந்தாள். அவளுக்குப் பின்னால் இருந்தவள் நகர்ந்து வந்தாள். ஆனந்தமேரி கரண்டியை வைத்துவிட்டு, “ஏய், கொஞ்சம் சும்மா இருங்களேன், அவங்க என்னமோ சொல்றாங்க,” என்றாள். முற்றம் அடங்கியது. ஈரக் கூந்தலும் ஏலக்காயும் மீனும் மணக்க அத்தனை தலைகளும் அவளைச் சுற்றிக் கூடின.

“முதல்ல காதை மடிங்க. அழுத்தாதீங்க, கோடு இழுத்திருக்கு, அதுவே மடியும். இப்ப நாக்கைச் செருகுங்க.”

முற்றமெங்கும் சின்னச் சின்ன வெள்ளைக் கூரைகள் எழுந்தன. ஒருத்தியின் பெட்டி கோணிக்கொண்டு வந்தது. அவள் அதைத் தலையில் கவிழ்த்துக் காட்ட, எல்லோரும் சிரித்தார்கள். அன்வருதீன் வாசலில் நின்று, ஒரு பெட்டியைத் தூக்கிப் பிடித்து, அதன் வட்ட ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.