தேடுற கட்டத்துக்கு யாரும் அண்ணாச்சி இல்ல

பானுப்பிரியாவுக்கு யார் மேல கோபம்னு கேக்காதீங்க, யார் மேல இல்லன்னு கேளுங்க. பதில் சீக்கிரம் முடிஞ்சிரும்.

ராஜபாளையத்துல மோட்டார் ஸ்டார்ட்டர் செய்யுற ஒரு கம்பெனியில அவளுக்கு வேலை. கிணத்து மோட்டார வீட்டுல உக்காந்துக்கிட்டே போன்ல போடலாம், அமத்தலாம், அந்த மாதிரி ஸ்டார்ட்டர். அது மக்கர் பண்ணினா என்ன செய்யணும்னு கம்பெனி வெப்சைட்ல எழுதிப் போட்டிருக்கு. மேல ஒரு தேடுற கட்டம். அதுல கேட்டா கீழ வரிசையா பதில் வரும். கட்டமும் அவ பொறுப்பு, வரிசையும் அவ பொறுப்பு.

வரிசை வரும், உருப்படியா வராது. மோட்டார் எடுக்கலன்னு வெள்ளாமை பண்ற ஒரு சம்சாரி தேடினா, எங்க ஸ்டார்ட்டர் மாதிரி உண்டான்னு யாரோ ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே சொல்ற வீடியோ முதல்ல வந்து நிக்கும். அடுத்ததும் அதே ரகம். ஆத்திரத்துல அவிய கம்பெனிக்குப் போன் அடிப்பாக. போன் எடுக்கிற பிள்ளைக நாளெல்லாம் வசவு வாங்கும். பானு மட்டும் அசையவே இல்ல. "நாலு வார்த்தை ஒழுங்கா அடிக்கத் தெரியாத மண்டையனுகளுக்கு எவன் போன் வாங்கிக் குடுத்தான்"னு கேப்பா. எம்.சி.ஏ. படிச்சவ எழுதின கட்டம், அது தப்பா இருக்குமா?

அந்த வீடியோவெல்லாம் முதலாளியோட மச்சினன் தங்கப்பாண்டியன் எடுத்துப் போட்டது. அவந்தான் சேல்ஸ் மேனேஜர். 'அண்ணாச்சி பேசுகிறார்'னு ஒரு தலைப்பு வச்சு, ஊர் ஊரா ஒரு சம்சாரியப் பிடிச்சுப் பேச வச்சான். அதத் தேடல்ல இருந்து தூக்குங்கன்னு பானு சொன்னா, "ஒங்கட்டம் சரியில்ல, எம்படத்தக் குத்தம் சொல்லுதியா"ம்பான். ரெண்டு பேரும் ஒரே ஹால்ல உக்காந்துக்கிட்டு மெயில்லதான் சண்டை போடுவாக. முதலாளி கடைசியில சலிச்சுப்போய்ச் சொல்லிட்டார்: "சித்திரை முடியறதுக்குள்ள போன் குறையணும்மா. இல்லன்னா வெப்சைட்ட கோயம்புத்தூர்க்காரன்கிட்டக் குடுத்துருவேன். பொறவு ஒனக்கு இங்க வேலை இல்ல."

வேலை போனா வேற வேலைன்னு நீங்களும் நானும் சொல்லிரலாம். அவளால முடியாது. புருசன் அடி தாங்காம ஒரு நாள் கையில ஒரு பையோட கான்சாபுரத்துக்கு, அண்ணன் ஜெயபாண்டி வீட்டுக்கு வந்து நின்னா. அப்பனும் ஆத்தாளும் இல்லாத வீடு. வாசல்ல நின்ன தங்கச்சிக்கு ஒரு வாய் தண்ணி குடுக்காம, அதே பையோட ஆட்டோவுல ஏத்தி, தளவாய்புரத்துல அந்தப் புருசன் வீட்டுலயே இறக்கி விட்டுட்டு வந்தான் அந்த மகராசன். அடுத்த வாரமே அங்கிருந்து கிளம்பிட்டா. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு மாடி ரூம் பிடிச்சா, அண்ணன் நம்பர பிளாக் பண்ணினா. "எம்புட்டு நாளைக்கு ஆடுவா, அந்த வேலை போச்சுன்னா எங்கிட்டத்தான் வந்து நிக்கணும்"னு அவன் சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். அது இவ காதுக்கு வராம இருக்குமா? அந்த வாசல்ல இன்னொரு தடவை நிக்கக் கூடாது. அவளுக்கு இந்த வேலை வேணும்னா அது ஒண்ணுக்குத்தான்.

சரி, எந்த மண்டையன் எப்படித்தான் தேடுதான்னு பாத்துருவோம்னு வத்திராயிருப்புக்கு பஸ் ஏறினா. கம்பெனி டீலர் ராக்கப்பன் கடை அங்க இருக்கு. கான்சாபுரத்து ஆளுகளும் அங்கதான் வருவாக. போய் உக்காந்து செத்த நேரம்தான் ஆச்சு, வாசல்ல ஒரு பைக் வந்து நின்னுச்சு. ஜெயபாண்டி.

அவளப் பாத்தான். பாக்காத மாதிரி ராக்கப்பன் பக்கம் திரும்பினான்.

"ராக்கப்பா, மோட்டார் எடுக்க மாட்டேங்குது. நெல்லு பால் பிடிக்கிற நேரம்யா."

"இருக்காள்ல ஒந்தங்கச்சி. அவ கம்பெனிதான, அவகிட்டயே கேளு."

"எனக்கு எவகிட்டயும் கேக்க வேண்டியதில்ல. வெப்சைட்டுல கேட்டுக்கிடுதேன்."

போன எடுத்தான், தேடுற கட்டத்துல மைக்க அமுக்கினான், தொண்டையச் செருமிக்கிட்டான். "அண்ணாச்சி, வணக்கம். நான் கான்சாபுரம் ஜெயபாண்டி பேசுதேன். நல்லாருக்கீகளா அண்ணாச்சி? நம்ம மோட்டார் எடுக்கல அண்ணாச்சி. செத்த என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

முதல் பதில்: 'அண்ணாச்சி பேசுகிறார்: என் மோட்டார் ஒரு நாளும் நின்றதில்லை.' ரெண்டாவது, மூணாவது எல்லாம் அண்ணாச்சிதான்.

"எவம்லே இவன், வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்டு!"ன்னு போனப் பாத்துக் கத்தினான் ஜெயபாண்டி.

பானுவுக்கு அடக்க முடியல. "கட்டத்துக்கு யாராச்சும் வணக்கம் சொல்லுவாகளா? அது என்ன ஒன் மாமனா?"

"தெரியாதவுககிட்ட எடுத்த எடுப்புல வேலையச் சொல்லுறதுக்கு எங்க ஆத்தா என்னைய வளக்கலட்டி. மனுசன்னா அண்ணன் தம்பின்னு ஒரு முறை வச்சுக் கூப்பிட்டு, நலம் விசாரிச்சுத்தான் கேப்பான்."

அந்த ஆத்தா அவளுக்கும் ஆத்தாதான். இன்னைக்கும் கரண்டு ஆபீசுக்குப் போன் போட்டா, "சார் வணக்கம், நல்லாருக்கீங்களா சார்"னுதான் அவளும் ஆரம்பிப்பா. இந்தச் சீமையில பாதிப் பேர் அப்படித்தான பேசுவாக! கட்டத்துக்கு அண்ணாச்சியும் ஒரு வார்த்தை, மோட்டாரும் ஒரு வார்த்தை. அண்ணாச்சி எங்க அதிகமா இருக்கோ அங்க கொண்டு போய் விடுது. தப்பு மண்டையனுக மேல இல்ல. அவ எழுதின கட்டத்து மேல. அதுவும் யார் வாயால தெரியணும்? இவன் வாயால. அங்கயே நாலு அறை வாங்கின மாதிரி இருந்துச்சு அவளுக்கு.

"சிவப்பு லைட்டு விட்டு விட்டு எரியுதான்னு கேளுங்க"ன்னா ராக்கப்பன்கிட்ட.

"எரியுதுன்னு சொல்லு"ன்னான் அவனும் ராக்கப்பன்கிட்ட.

"மோட்டார் சூடாயிருக்கு. ஆற விட்டு, அந்தச் சிவப்பு பட்டன அமுக்கச் சொல்லுங்க."

மத்தியஸ்தம் பண்ணின ராக்கப்பன் தலையில அடிச்சுக்கிட்டான். ஜெயபாண்டி பைக்க எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

ராஜபாளையம் வந்த கையோட கட்டத்தப் பிரிச்சுப் போட்டா. வணக்கம், நல்லாருக்கீகளா, பேசுதேன், ஊர்ப் பேரு, அண்ணாச்சி, ஐயா, சார், அக்கா, தம்பி, தங்கச்சி, எல்லாத்தையும் ஓரமாத் தள்ளிட்டு மிச்சத்த மட்டும் தேடுன்னு எழுதினா. 'கையேடு பகுதி நாலு'ன்னு மொட்டையா இருந்த தலைப்ப எல்லாம் 'மோட்டார் எடுக்கல, சிவப்பு லைட்டு விட்டு விட்டு எரியுது'ன்னு மாத்தினா. கூடவே அந்த லைட்டோட படம். பக்கத்தத் திறந்து பாக்காமலே தெரியுற மாதிரி, என்ன செய்யணும்னு அடியில ஒரு வரி.

தங்கப்பாண்டியன் குதிச்சான். "கஸ்டமர் மரியாதையாக் கூப்பிடுறதத் தூக்கிக் குப்பையில போடுறா இவ! எம்படத்தையும் தேடல்ல இருந்து எடுத்துட்டா!"

"மரியாதை வேணும்னா நீங்க போன எடுத்துப் பேசுங்க. காலையில இருந்து அடிக்குது"ன்னா பானு, முதலாளி முன்னாலயே. முதலாளி சிரிச்சதுல அவன் மூஞ்சி செத்துப் போச்சு.

சித்திரை முடியறதுக்குள்ள போன் குறைஞ்சுது. வேலை தப்பிச்சுது. கோயம்புத்தூர்க்காரன் வரல.

கட்டம் எப்படி ஓடுதுன்னு பாக்க மறுபடியும் ராக்கப்பன் கடைக்குப் போனா. அண்ணங்காரன் அங்க இருந்து தொலைக்கணுமா? இருந்தான். இந்தத் தடவை பச்சை லைட்டு வரலயாம். அவளப் பாத்ததும் தலையக் குனிஞ்சுக்கிட்டான். பொறவு போன எடுத்து மைக்க அமுக்கினான். குரல் வேற மாதிரி இருந்துச்சு.

"தங்கச்சி, பச்சை லைட்டு வரல."

வரிசையில முதல் பதிலே சரியா வந்துச்சு. 'ஒரு லைன்ல கரண்டு வரல. பியூஸ் போயிருக்கான்னு பாருங்க.' படிச்சான். ஆனா போன உள்ள வைக்கல. மறுபடியும் மைக்க அமுக்கி, போனப் பாத்துக்கிட்டே, "தங்கச்சி"ன்னான். மோட்டார் பேச்சே எடுக்கல.

ராக்கப்பன் மெல்ல எந்திரிச்சு வெளிய போயிட்டான்.

பானு எந்திரிச்சு அவன் முன்னால வந்து நின்னா.

"அந்த வார்த்தையத் தள்ளச் சொல்லி எழுதினதே நாந்தான். எத்தன தடவை கூப்பிட்டாலும் கட்டத்துக்கு அது கேக்காது. கூப்பிடணும்னா ஆளப் பாத்துக் கூப்பிடு. ஆட்டோவுல ஏத்தின அன்னைக்கு எம்மூஞ்சியப் பாத்தியா? இப்பப் பாரு. பாத்துட்டுக் கூப்பிடு."

தலையத் தூக்கினான். அவ மூஞ்சியப் பாத்தான். வாயத் திறந்தான். வார்த்தை வரல. 'ஒன் வாயாலதான் என் வேலை தப்பிச்சுது'ன்னு சொல்ல அவளுக்கும் வாய் வந்திருக்கும், அவன் ஒரு தடவை கூப்பிட்டிருந்தா.

போனச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு பைக்க உதைச்சான். சத்தம் தெரு முனை தாண்டுற வரைக்கும் பானு வாசல்லயே நின்னா. பொறவு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுல ஏறி உக்காந்து, போன எடுத்து அந்த நம்பர ஒரு தடவை பாத்தா. பிளாக்க எடுக்கல.