ஏரிக்குள் விழுந்த ஒன்றரை ஏக்கர்

ஓசூரிலிருந்து பேரிகை என்ற ஊருக்குப் போகும் சாலையில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில்தான் என் பணிக்காலத்தின் கடைசி ஆறு வருடங்கள் கழிந்தன. புவியியல் ஆசிரியர். சொந்த ஊர் தெற்கே. குடியிருந்தது ஓசூரில். காலையில் பஸ்ஸில் வந்து மாலையில் பஸ்ஸில் திரும்பிவிடுவேன். பஸ் நிறுத்தத்துக்கும் பள்ளி வாசலுக்கும் இடையில் உள்ள இருநூறு அடியைத் தவிர அந்த ஊரில் எனக்கு எதுவும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அந்த ஊருக்கு வரைபடம் போட்டவன் நான்.

பள்ளிக்குக் கணினி அறை வந்த வருடம் எங்களைக் கிருஷ்ணகிரிக்கு அழைத்து இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். செயற்கைக்கோள் படத்தின் மேல் பழைய கிராம வரைபடத்தை விரித்துவைக்கும் வித்தை அது. இரண்டிலும் இருக்கிற இரண்டு இடங்களை ஊசியால் குத்துவதுபோல ஒன்றோடு ஒன்று பொருத்தினால் போதும், மற்றவை தாமாகப் படிந்துகொள்ளும். முப்பது வருடம் சாக்பீஸால் இந்தியா வரைந்தவனுக்கு அது மாயம்போல இருந்தது. பயிற்சி முடிந்த கையோடு ஒரு போட்டியும் அறிவித்தார்கள். ஒவ்வொரு பள்ளியும் தன் ஊரின் வரைபடத்தைச் செய்து அனுப்ப வேண்டும். ஓய்வுபெற எனக்கு இரண்டு வருடம் இருந்தது. அதுவரை என் பெயரை யாரும் மேடையில் கூப்பிட்டதில்லை.

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் கொடுத்த வேலை எளிமையானது. வீட்டில் உள்ள போனைக் கையில் பிடித்துக்கொண்டு அவரவர் நிலத்தின் வரப்பைச் சுற்றி நடக்க வேண்டும். நடந்த தடத்தைப் போன் கோடாக வரைந்துவிடும். நிலம் இருந்த பிள்ளைகள் குறைவு. பாதிப் பேரின் குடும்பங்கள் கம்பெனிகளுக்கும் கிடங்குகளுக்கும் ஏற்கெனவே விற்றிருந்தன. ஒரு பெண் மட்டும் ஒன்றரை ஏக்கரைச் சுற்றிவந்த கோட்டைக் காட்டினாள். ஏரிக்கும் சாலைக்கும் நடுவில் தக்காளியும் சாமந்தியும் போட்டிருந்த நிலம். அந்த ஓரத்தில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

“ஜமீன்தாரம்மா வர்றாங்கடா, வழி உடுங்க” என்றான் பின்வரிசையில் ஒருவன்.

“உங்கப்பாதான் வித்துட்டு புல்லட்டு வாங்கிட்டாரே. நீ அந்த புல்லட்ட சுத்தி வந்து கோடு போடு” என்றாள் அவள். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான்.

கிராம வரைபடத்தை நான் விரித்தேன். ஒரு முனைக்கு ஏரியின் மதகு, மறு முனைக்கு முனியப்பன் கோயில். தாளிலும் கோயில் இருந்தது, செயற்கைக்கோள் படத்திலும் கோயில் இருந்தது. இரண்டையும் பொருத்தினேன். பழைய தாளின் வண்டிப்பாதை இன்றைய சாலையோடு ஒட்டாமல் தள்ளி நின்றது. சாலையை அகலப்படுத்தியிருக்கிறார்களே, அதனால் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு ஏரிக்கு நீலமும் பட்டா நிலங்களுக்குப் பச்சையும் பூசினோம். அந்தப் பெண் நடந்துவந்த கோட்டை மேலே வைத்தபோது அது முக்கால்வாசி நீலத்துக்குள் கிடந்தது.

“என்னம்மா, உங்க அப்பா ஏரிக்குள்ளேயா வெள்ளாமை பண்றாரு?” என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு நாள் கழித்து மதிய இடைவேளையில் தனியாக வந்தாள். அதற்குள் நான் வரைபடத்தை மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டேன். பள்ளிச் செலவில் ஃப்ளெக்ஸும் அடித்தாயிற்று.

“சார், முனியப்பன் கோயிலு முன்ன அங்க இல்லீங்க சார். ஏரிப் பக்கமா இருந்துச்சு. ரோடு அகலம் பண்ணப்ப, சாமிகிட்ட பூ கேட்டு உத்தரவு வாங்கி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் எடுத்துனு போயி வெச்சாங்க.”

“யாரு சொன்னா?”

“எங்கப்பாதான் சார். சாமியத் தூக்கின நாலு பேர்ல அவரும் ஒருத்தரு. தாள்ல இருக்கறது பழைய எடம். நீங்க குத்துனது புது எடம். ஏரி கோடிக்கிட்ட ஒரு பெரிய கல்லு இருக்குது சார், தாள்லயும் இருக்குது, படத்துலயும் தெரியுது. அத வெச்சுப் பொருத்திப் பாக்கலாமா?”

தவறைக் கண்டுபிடித்ததோடு திருத்தும் வழியையும் கொண்டுவந்திருந்தாள். முப்பது வருடத்தில் என்னிடம் படித்த எந்தப் பிள்ளையும் அப்படி யோசித்ததில்லை. பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று மாலை பிள்ளைகள் போன பிறகு கணினி அறைக்குப் போனேன். கோயிலை விட்டுவிட்டு, ஏரி நிறைந்தால் தண்ணீர் வழியும் கோடியில் இருந்த அந்தக் கல்லைப் பொருத்தினேன். தாள் முழுக்கத் திரும்பி ஏரிப் பக்கமாக நகர்ந்தது. வண்டிப்பாதை சாலையின் நடுவில் சரியாக உட்கார்ந்தது. நீலம் விலகி, அவள் நடந்த கோடு பச்சையின் விளிம்பில், தைத்ததுபோல ஒட்டி நின்றது. மூடும்போது மாற்றத்தைச் சேமிக்கவா என்று திரையில் கேட்டது. வேண்டாம் என்பதை அழுத்தினேன்.

எங்களுக்கு முதல் பரிசு கிடைத்தது. என் பெயரை மேடையில் கூப்பிட்டார்கள்.

ஃப்ளெக்ஸைப் பள்ளிச் சுவரில் சாலையைப் பார்த்தபடி கட்டினோம். நில புரோக்கர் ஒருவர் வண்டியை நிறுத்திப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனதை நானே பார்த்தேன். ஊருக்குப் பெருமை என்று நினைத்தேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அந்தப் பெண்ணின் அப்பா ஆசிரியர் அறைக்கு வந்தார். வயலிலிருந்து நேராக வந்திருந்தார், கையில் தக்காளிக் கறை. அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை.

“சார், நீங்க போட்ட படத்துல என் நெலம் ஏரியில காட்டுதுன்னு புரோக்கர் சொல்றான். பட்டா இருக்குதுங்க. ஆனா ஏரின்னு ஆயிட்டா பட்டாவே செல்லாதாம், என்னிக்கி இருந்தாலும் கவர்மெண்ட்ல வந்து புடிங்கிப்பாங்களாம். இப்பவே குடுத்துடு, நான் மேல பாத்து சரி பண்ணிக்கறேங்கறான்.”

“சர்வேயரை வெச்சு அளந்து பாக்கலாமே” என்றேன்.

“அளக்கக் கூப்புட்டா நானே போயி மாட்டிக்கினா மாதிரி ஆயிடும்ங்கறான். எனக்கு அதெல்லாம் தெரியாது சார். நீங்க படிச்சவரு. என் பொண்ணு வேற அதுல வேல செஞ்சிருக்குது. அந்தப் படம் சரிதானான்னு உங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்.”

அறையில் வேறு இரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள். பரிசுக் கேடயம் அலமாரி மேல் இருந்தது. நான் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் தெரிந்தது.

“கவர்மெண்ட் தாளை வெச்சுப் போட்டதுங்க. அதுல தப்பு வராது” என்றேன்.

“அப்பச் சரிங்க சார்” என்றார் அவர். கும்பிட்டுவிட்டுப் போனார். அவளும் பின்னால் போனாள்.

எல்லா உண்மையும் அறிந்துதான் அதைச் சொன்னேன். அவசரத்தில் வாய் தவறியது என்றோ, இவ்வளவு தூரம் போகும் என்று தெரியாது என்றோ இந்த வயதில் எழுத எனக்கு உரிமை இல்லை. அடுத்த நாள் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அப்படித்தான் நினைத்தேன். மாதக் கடைசிக்குள் அவர் நிலத்தைக் கொடுத்துவிட்டார். நிலத்துக்கு உரிய விலை அல்ல, பயந்தவனுக்குக் கிடைக்கிற விலை. இப்போது அங்கே கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. யாரும் வந்து அதை ஏரி என்று சொல்லவில்லை.

அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். புவியியலில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். கல்லூரிக்குப் போகவில்லை, கம்பெனியில் சேர்ந்துவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் ஓய்வு பெற்றேன். பிரிவு உபசார விழாவில் பேசியவர்கள் எல்லோரும் அந்த வரைபடத்தைச் சொல்லித்தான் பாராட்டினார்கள்.

சென்ற வருடம் ஓசூரில் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். சீருடையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக நின்ற பெண்களில் ஒருத்தி, “சார், இங்க உக்காருங்க” என்று இருக்கையில் இருந்த தன் பையை எடுத்தாள். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். எந்தக் கம்பெனி, எந்த ஷிப்ட் என்று கேட்டேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். அந்த வரைபடத்தைப் பற்றிச் சொல்லாமல் எழுந்துவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் என் வாயில் வந்ததோ வேறு.

“அன்னைக்கு உங்க அப்பா வந்தப்ப நீயாவது சொல்லியிருக்கலாமேம்மா.”

என் வாழ்க்கையில் நான் பேசிய வார்த்தைகளில் இதைவிடக் கேவலமானது இருக்காது. அவள் கோபப்படவில்லை.

“அப்பா முன்னாடி உங்கள எப்டி சார் பொய்யின்னு சொல்றது? நீங்களே சொல்லிடுவீங்கன்னு பாத்துனு இருந்தேன்.”

“எத்தனை நாள்?”

“பத்திரம் பதிஞ்ச அன்னிக்கு மத்தியானம் வரைக்கும்.”

பஸ்கள் வந்து போயின. அவளுடைய கம்பெனி வண்டி இன்னும் வரவில்லை. ஊருக்கு வந்து உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன் என்றேன். தலையை ஆட்டி மறுத்தாள்.

“வராதீங்க சார். ஏரி நெலம், நம்மளுது இல்ல, ஏதோ வந்த வெலைக்குப் போச்சேன்னு சொல்லிக்கினுதான் ஒரு வாய் சோறு துன்றாரு. அது அவரு நெலந்தான்னு தெரிஞ்சா தாங்க மாட்டாரு.”

“உனக்கு?”

“எனக்கு அப்பவே தெரியுமே சார்.”

வண்டி வந்தது. “கண்ணுக்கு மருந்து உட்டுட்டு வெயில்ல நிக்காதீங்க” என்று சொல்லிவிட்டு ஏறிப்போனாள்.

அதன்பின் அந்த ஊருக்கு நான் போகவில்லை. அவள் தடுத்தாள், அவருடைய நிம்மதியைக் கெடுக்கக் கூடாது என்று என் மனைவியிடம்கூடச் சொல்லிவைத்திருக்கிறேன். ஆனால் வராதீங்க என்று அவள் சொன்ன அந்தக் கணத்தில் என் உடம்பெல்லாம் ஒரு நிம்மதி பரவியது. அது அவருடைய நிம்மதி அல்ல, என்னுடையது.