தடிமன் குளிசை

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. எழுத்துப் பிழை இருக்கும். முன்னுக்குப் பின்னாகவும் சொல்வேன், சிலது மறந்தும் போய்விட்டது. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் கணவருக்குப் பெருங்குடலில் வந்த புற்றுநோய் ஈரலுக்கும் பரவிவிட்டது என்று போன குளிர்காலத்தில் சொன்னார்கள். அவருடைய கட்டி ஒரு தனி வகையாம். உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியை எழுப்பி நோயோடு மோத வைக்கும் மருந்து ஒன்று அந்த வகைக்கு உண்டாம். அதை நரம்பில் ஏற்றத் தொடங்கினார்கள். பிடித்தால் இவர் இருப்பார். பிடிக்காவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை.

தொடங்குவதற்கு முன்பு இவருடைய மலத்தைக் கேட்டார்கள். சின்னப் போத்தலில் எடுத்து, கொண்டுபோகும்வரை ஃப்ரீசரில் வைக்க வேண்டுமாம். குடலில் வாழும் கிருமிகள் இந்த மருந்துக்குத் துணை போகின்றனவா என்று ஆராய்கிறார்களாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பாஷை தெரியாத, வயதுபோன சனத்தை வைத்து ஏதோ செய்து பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். மீன் வைக்கிற இடத்தில் அதை வைக்க விடமாட்டேன் என்று நின்றேன்.

“நீர் சமைச்சுத் தந்ததுதானே உள்ளுக்குப் போனது. உமக்கே அருவருப்பெண்டா நான் என்ன செய்யிறது?” என்றார் இவர்.

கடைசியில் பைக்கு மேல் பை சுற்றி ஒரு மூலையில் வைத்தேன்.

மருந்து ஏற்றப் போகும் ஒவ்வொரு முறையும் தாதி ஒரே கேள்வியைக் கேட்பார். அன்ரிபயோடிக் ஏதும் எடுத்தாரா? மொழிபெயர்க்க எங்களோடு வரும் மகள் அதைத் தமிழில் கேட்பாள், இவர் இல்லை என்பார். விடாமல் கேட்கிறார்களே, பிழையை எங்கள் தலையில் போடப் பார்க்கிறார்களோ என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

அந்த நாட்களில்தான் எங்களுக்குப் பக்கத்தில் ரொக்ஸ்பரோவில் இருக்கும் மச்சாள், இவருடைய தமக்கை, யாழ்ப்பாணம் போய்வந்தார். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலும் மிளகாய்த்தூளும் வந்தன. மாத்திரைகள், எங்கள் பேச்சில் குளிசைகள், அவையும் வந்திருக்கும். ஊரில் சில கடைகளில் டொக்டரின் சீட்டில்லாமலே கொடுத்துவிடுவார்கள். இங்கே எங்கள் சனத்தின் அலுமாரிகளில் அவை எப்போதும் கிடக்கும். சளி, தடிமன் என்றால் ஒருவருக்கொருவர் பங்கிட்டு விழுங்குவோம்.

இவருக்குத் தடிமன் பிடித்திருந்தது. நான் அறைக்குள் போனால் தண்ணீர்க் கோப்பையோடு மறுபக்கம் திரும்புவார். கோட்டுப் பையில் ஏதோ சரசரத்தது. கேட்டால் மிட்டாய் என்றார். இனிப்பை வாயில் வைக்காத மனிதர்.

அடுத்த முறை டொக்டரே வந்தார். கட்டி எதிர்பார்த்த அளவுக்குச் சுருங்கவில்லை என்று படத்தைக் காட்டிவிட்டு, அதே கேள்வியைக் கேட்டார். இவர் இல்லை என்றார். சொல்லும்போது கண் கதிரையின் முதுகில் தொங்கிய கோட்டுக்குப் போய் வந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் நான் வாய் திறந்ததில்லை. ‘பொன்ஜூர்’ என்ற வணக்கத்தைக்கூட நிலத்தைப் பார்த்துத்தான் சொல்வேன். அன்றைக்கு எழும்பிப் போய்க் கோட்டுப் பையில் கைவிட்டு, பாதி முடிந்த குளிசைத் தகட்டை டொக்டரின் மேசையில் வைத்தேன்.

“அது தடிமன் குளிசையப்பா. அக்கா தந்தது. இதையும் மருந்தெண்டு சொல்லுறதே?” என்றார் இவர்.

டொக்டர் அதைத் திருப்பிப் படித்தார். கோபிக்கவில்லை. அன்ரிபயோடிக்தான் என்றார். அது கூடாத கிருமிகளோடு குடலின் நல்ல கிருமிகளையும் கொன்றுவிடுமாம். இதை எடுத்தவர்கள் சிலருக்கு அந்த மருந்து குறைவாகவே வேலை செய்ததைக் கண்டிருக்கிறார்களாம். ஆனால் இவருக்கு இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாதாம். உண்மையில் தேவைப்பட்டால் தானே தருவேன், சொந்தமாக எடுக்க வேண்டாம் என்றார். மகள் சொல்லச் சொல்ல இவர் தலை குனிந்திருந்தார்.

எங்கள் வீடு இருக்கும் பியர்பொன்ட்ஸ் வரும்வரை பஸ்ஸில் இவர் தள்ளிப்போய் மகளுக்குப் பக்கத்தில் இருந்தார். இவரிடம் நடந்ததைக் கேட்டறிந்த மச்சாள் பின்னேரம் எனக்குப் போன் எடுத்தார்.

“என்ரை தம்பிக்கு நான் நஞ்சே குடுத்தனான்?”

இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போனை இவருடைய கையில் கொடுத்தேன்.

குளிசைதான் கெடுத்ததா, அந்த மருந்து எப்படியும் பிடித்திருக்காதா, இன்னும் தெரியாது. இனியாவது மருந்து பிடிக்கிறதா என்பது அடுத்த படம் எடுத்தால்தான் தெரியும். மச்சாள் கொடுத்தனுப்பும் பைகளை இப்போது நான்தான் பிரித்துப் பார்க்கிறேன். திரும்பவும் போத்தல் தந்தார்கள். இந்த முறை மீனை ஒதுக்கி நானே இடம் செய்து வைத்தேன்.

டொக்டர் சொன்னதை நான் விளங்கிக்கொண்டது சரியா என்று மகளோ, விஷயம் தெரிந்த வேறு யாரோ பார்த்துத் திருத்திவிடுங்கள். என் பிழையை நம்பி இன்னொரு வீட்டில் யாரும் எதையும் விழுங்கவோ விழுங்காமல் விடவோ கூடாது.