ஆளில்லாத தீவுக்கு மூன்று பொருள்கள்

1989 ஜூலை 14, வெள்ளிக்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு அம்மா அடுப்பைப் பற்ற வைத்தார். ஆறு மணிக்குள் அப்பா சோற்றுப் பொட்டலத்தை மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு ஃபெரிக்குக் கிளம்பினார். கடலுக்கு அக்கரையில், பிறையில் ஒரு தொழிற்சாலையில் அவருக்குக் காலை ஷிஃப்ட். அண்ணனும் நானும் ரொட்டியும் தேத்தண்ணியும் சாப்பிட்டோம். தம்பிக்குக் கஞ்சி. ஏழரைக்கு, அதே தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடித்த சித்தப்பா வந்து சேர்ந்தார். எங்களுக்கு விடியும் நேரம் அவருக்கு ராத்திரி. அவருக்குச் சோறு வேண்டும். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் வீடு. அந்த வீட்டில் அடுப்பு அணைந்திருந்து நான் பார்த்ததாக நினைவில்லை.

அன்று பிற்பகல் பள்ளியில் ஆங்கிலப் பேச்சுப் போட்டி. முந்தைய ஆண்டு அதே மேடையில் மூன்றாவது வாக்கியத்தில் எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. மணி அடிக்கும்வரை வாய் திறக்காமல் நின்றேன். அன்றிலிருந்து அண்ணன் என்னை ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிட்டான். கெட்டுப்போன ரேடியோ என்று முழுதாகச் சொல்ல அவனுக்குச் சோம்பல். அந்தப் பெயர் போக வேண்டுமானால் கோப்பை வீட்டுக்கு வந்தாக வேண்டும்.

தலைப்பு இது: ஆளில்லாத தீவில் மாட்டிக்கொள்ள நேர்ந்தால் எந்த மூன்று பொருள்களைக் கொண்டுபோவாய்? ஆங்கிலேயர்கள் விருந்தில் சந்தித்துக்கொண்டால்கூட இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வார்களாம். ஆங்கில டீச்சர் இன்னும் சில சொன்னார். சாலை நடுவே வண்டிகளுக்கு ஒதுங்கி நிற்கக் கட்டிய மேடையையும் அவர்கள் தீவு என்பார்கள். யாரோடும் ஒட்டாமல் வாழ்பவரையும் தீவு என்பார்கள். தீவு என்றாலே அவர்கள் பேச்சில் தனிமைதான்.

நான் கையைத் தூக்கினேன். “டீச்சர், நாமளும் தீவுலதானே இருக்கோம்?”

“ஆமா.”

“இங்க பஸ்ஸுல நிக்கக்கூட இடமில்லையே.”

“அவங்க நம்ம பஸ்ஸுல ஏறுனதில்லை லா. உட்காரு.”

சமையலறை நடுவில் கட்டும் மேடைக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர் என்பது எனக்குப் போன ஆண்டுதான் தெரிந்தது. கெலுகோரில் நாங்கள் வாங்கிய வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. அம்மா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “அடுப்பங்கரைக்குள்ளயா தீவு?” என்று கேட்டுவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவர் ஏன் அவ்வளவு சிரித்தார் என்று என் கணவருக்குப் புரியவில்லை. அவருக்கு இந்த வெள்ளிக்கிழமையைப் பற்றித் தெரியாது.

போட்டிக்கு முந்தைய மாலை வீட்டில் எல்லாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டு வைத்தேன். அப்பா யோசித்து, பாராங் கத்தி, தீப்பெட்டி, தூண்டில் என்றார். சித்தப்பா, “டிவி, ஏரியல், நீளமா ஒரு வயர். பிறை மின்நிலையத்துல இருந்து கரண்ட் இழுத்துக்கலாம்,” என்றார். அண்ணன், “நான் ஃபெரியையே கொண்டுபோவேன். அதுல ஏறி வீட்டுக்கு வந்துடுவேன் லா,” என்றான். ஃபெரி ஒரு பொருளா என்று நாங்கள் சண்டை போட்டோம்.

அம்மா தரையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்.

“அங்க யாருமே இருக்க மாட்டாங்களா?”

“யாருமே இல்லைம்மா. அதான் கஷ்டம்.”

“யாருக்குச் சமைக்கிறது?”

“யாருக்கும் வேணாம்.”

அம்மாவின் கை நின்றது. “அப்படின்னா எனக்கு ஒண்ணும் வேணாம். நான் மட்டும் போறேன்.”

“மூணு சொல்லணும்மா.”

“சரி, ஒரு தலகாணி. மத்த ரெண்டையும் நீயே வச்சுக்க பாப்பா.”

டீச்சர் எனக்கு எழுதிக் கொடுத்த பேச்சில் கத்தி, தீப்பெட்டி, கயிறு இருந்தன. அதைத்தான் மனப்பாடம் செய்திருந்தேன். என் முறை ஆறாவது. எனக்கு முன்னால் பேசிய எல்லாரும் கத்தியையும் தீப்பெட்டியையும் தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஐந்தாவதாகப் பேசிய பையன் கயிற்றையும் எடுத்துக்கொண்டான். நான் மேடை ஏறியபோது எனக்கென்று ஒரு பொருளும் மிச்சமில்லை. கடைசி வரிசையில் அம்மா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பக்கத்தில் அண்ணன். அவன் உதடு ‘ரேடியோ’ என்று சொல்வது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

வணக்கம் சொன்னேன். பிறகு எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு, என் வீட்டைத் தீவுக்குக் கூட்டிப்போனேன். சித்தப்பா கடலுக்கு மேல் வயர் இழுத்தார். சிரிப்பு எழுந்தது. அண்ணன் ஃபெரியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தான்; நான் நடந்து காட்டினேன். தலைமையாசிரியர் மேசையைத் தட்டிச் சிரித்தார். எனக்குச் சொற்கள் வந்துகொண்டே இருந்தன, மழைக்காலத்து வாய்க்கால் மாதிரி. கடைசியாக அம்மாவைக் கொண்டுவந்தேன். என் அம்மாவுக்கு ஒரு தலையணை போதும், மற்ற இரண்டும் வேண்டாம், அங்கே யாருக்கும் சமைக்க வேண்டாம் என்று தெரிந்ததும் அவர் உடனே புறப்படத் தயார் என்றேன்.

ஆண்கள் பகுதியில் சிரிப்பு தொடர்ந்தது. பெண்கள் பகுதியில் அது சட்டென்று நின்றது. பிறகு அங்கிருந்துதான் கைதட்டல் கிளம்பியது. நான் படி இறங்கி என் நாற்காலிக்கு வந்து சேர்ந்த பிறகும் ஓயவில்லை. நடுவராக வந்திருந்த அம்மையார் எழுந்து நின்று தட்டினார். நான் தலையணையைக் கையால் அணைத்துக் காட்டிய விதம் அவ்வளவு நன்றாக இருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

கோப்பை எனக்குத்தான். என் முழங்கை நீளம், இரண்டு காது வைத்தது. அண்ணன் அதை வாங்கித் தூக்கிப் பார்த்து, “கனமாத்தான் இருக்கு,” என்றான். அதற்குப் பிறகு அவன் வாயிலிருந்து ‘ரேடியோ’ வரவே இல்லை.

டீச்சர் அம்மாவிடம் வந்தார். “அக்கா, நீங்க சொன்னதுதான் பாப்பாவுக்கு கப் வாங்கிக் குடுத்துச்சு. தலகாணி சமாச்சாரம். எல்லாரும் ரசிச்சாங்க.”

“நான் வேடிக்கைக்குச் சொல்லலையே டீச்சர்,” என்றார் அம்மா.

டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பெரியவர்கள் அடக்கத்துக்காக இப்படியெல்லாம் பேசுவார்கள் என்று நான் நினைத்தேன்.

இரவுச் சாப்பாட்டின்போது கோப்பை சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் நின்றது. நான் முழுப் பேச்சையும் தமிழில் திரும்ப நடித்தேன். சித்தப்பா ஷிஃப்டுக்குக் கிளம்பாமல் நின்று இரண்டு முறை கேட்டார். தலையணை வந்தபோது எல்லாரும் சிரித்தார்கள். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னார்:

“நாளைக்கு நான் போறேன்.”

“எங்க?” என்றார் அப்பா.

“தீவுக்கு.”

மறுபடியும் சிரித்தோம். முதல் தடவையைவிட அதிகமாக.

மறுநாள் சனிக்கிழமை, அப்பாவுக்கு விடுமுறை. ஐந்தேகாலுக்கு அடுப்புச் சத்தம் கேட்கவில்லை. நான் எழுந்து வந்தபோது அம்மா குளித்து, தீபாவளிக்கு எடுத்த நீலப் புடவையைக் கட்டியிருந்தார். கையில் பை இல்லை.

“நானும் வர்றேன்மா.”

“ஆளில்லாத தீவு பாப்பா. நீ வந்தா ஆளு ஆயிடும்.”

“எதுல போறீங்க?”

“அண்ணன் சொன்னானே, ஃபெரியில. அந்தப் பக்கம் போறதுக்குக் காசு கேட்க மாட்டான். திரும்பி வர்றதுக்குத்தான்.”

“காசு எடுத்துக்கிட்டீங்களா?”

மூடியிருந்த கையைத் திறந்து காட்டினார். சில்லறை இருந்தது. எனக்கு நிம்மதியாயிற்று.

ஃபெரி போய்ச் சேரும் பட்டர்வொர்த்தில் எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லையே, அம்மா யாரைப் பார்க்கப் போகிறார் என்று யோசித்தபடி கோப்பையோடு ஜன்னலுக்கு வந்தேன். கடைகள் திறக்கவில்லை. தெருவில் ஒரு வண்டிகூட இல்லை. அம்மாவின் செருப்புச் சத்தம் மாடிவரை கேட்டது. அவர் துறைமுகம் இருக்கும் பக்கமாக நடந்தார், அவசரமில்லாமல், கைகளை வீசிக்கொண்டு. அவர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

அப்பா அரிசி டம்ளரோடு என் பக்கத்தில் வந்து தலையை வெளியே நீட்டினார்.

“ஏம்மா, எத்தனை டம்ளர் போடணும்?”

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. முனையில் வளைந்து போய்விட்டார்.

“அம்மாவுக்குக் கேக்கலைப்பா,” என்றேன்.